1,500 ரூபாயா, 2,000 ரூபாயா? மாற்றுத்திறனாளி உள்ள வீடு முதலில் போட வேண்டிய கணக்கு

கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று வைத்து நெய்யும்போது மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவர். பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுப்பவர் இன்னொருவர். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில், அந்த இன்னொருவர் பல வீடுகளில் மனைவிதான். கூலிக்கு ஆள் வைத்தால் சேலைக் கூலியில் ஒரு பங்கு வெளியே போய்விடும்.

அப்படி ஒரு வீட்டில் தானாக எழுந்து உட்கார முடியாத பிள்ளை இருந்தால்? பல் தேய்த்துவிட்டு, குளிப்பாட்டி, துணி மாற்றி, ஒவ்வொரு வாயாக ஊட்டி முடித்து அம்மா தறிப் பக்கம் வரும்போது பாதிப் பகல் போயிருக்கும். வந்து உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டால் மறுபடியும் எழுந்து ஓட வேண்டும். பத்து நாளில் முடிய வேண்டிய சேலை இழுத்துக்கொண்டே போகும். மருந்துச் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. தறி நின்றுபோன மணி நேரத்துக்கான நஷ்டம் எந்த மருத்துவமனைச் சீட்டிலும் வருவதில்லை.

இந்த மாதிரி வீடுகளுக்கு அரசு உதவி இல்லாமல் இல்லை. பணமாக உண்டு, வீட்டுக்கே வரும் சிகிச்சையாக உண்டு, உபகரணமாக உண்டு. ஆனால் ஒன்று தாலுகா அலுவலகத்தில், ஒன்று கலெக்டர் அலுவலகத்தில், ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒன்று பள்ளிக்கூடத்தில் என்று சிதறிக் கிடக்கிறது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவசரப்பட்டு ஒன்றுக்கு விண்ணப்பித்து வாங்கிவிட்டால், அதைவிடப் பொருத்தமான இன்னொன்றின் கதவு மூடிக்கொள்ளலாம். அதனால் எது முதலில் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், இந்த வீட்டுக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு முழு நாளில் பிள்ளைக்கு யார், எப்போது, என்ன செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். தூக்கி உட்கார வைப்பது எத்தனை முறை, கழிப்பறைக்கு யார், ஊட்டுவதற்கு எவ்வளவு நேரம், இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்க வைப்பது, வலிப்பு வருமா, தனியாக விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போக முடியுமா?

எழுதிப் பார்த்தால் சில உண்மைகள் தெரியவரும். சில வீடுகளில் தேவைப்படுவது பிசியோதெரபி. சில வீடுகளில் நல்ல சக்கர நாற்காலி ஒன்று வந்தால் பாதிச் சுமை குறையும். சில வீடுகளில் பகலில் நாலு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால் போதும், தறி ஓடிவிடும். எல்லாருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. அதோடு, ‘அதிக உதவி தேவைப்படுபவர்’ என்று மதிப்பிடும்போது அதிகாரிகளும் மருத்துவர்களும் கேட்பது இந்த விவரங்களைத்தான். கேட்டவுடன் “எல்லாமே நான்தாங்க சார் பார்த்துக்கிறேன்” என்று அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டால் அவருடைய நாள் முழுக்க அந்த ஒரு வரிக்குள் மறைந்துபோகிறது.

சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைப் பாதிப்புகளை அங்கீகரிக்கிறது. பெரும்பாலான உதவிகளுக்கு வாசல் 40 சதவிகிதம். அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து தரப்படும் சான்றிதழும், ‘யு.டி.ஐ.டி.’ எனப்படும் தேசிய அடையாள அட்டையும்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

பலர் சதவிகிதத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு மேலே இருக்கும் வகையைப் பார்ப்பதில்லை. ஓர் உதாரணம். மூளை முடக்குவாதத்தால் கை கால் இயக்கம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கலாம். சான்றிதழில் கை கால் பாதிப்பு மட்டும் பதிவாகி இருந்தால் அதை வைத்து ஒரு கணக்கு. இரண்டும் பதிவாகி இருந்தால் வேறு கணக்கு. எந்த உதவித்தொகைக்குத் தகுதி என்பதே மாறிவிடும். பாதிப்பு கூடியிருந்தாலோ, ஏதாவது விடுபட்டிருந்தாலோ மறுமதிப்பீடு கேட்கலாம். சின்ன வயதில் வாங்கிய பழைய அட்டையைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு அலுவலகம், இரண்டு தொகை

இங்கேதான் தேர்வு தொடங்குகிறது. தமிழ்நாட்டில் மாதாமாதம் வரும் பணம் இரண்டு வழிகளில் கிடைக்கிறது.

ஒன்று, வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பார்க்கும் வேலை இது. 18 வயது நிறைந்தவர்களுக்கானது. 1,000 ரூபாயாக இருந்த இந்தத் தொகை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்ந்தது.

மற்றொன்று, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. இதற்குப் போக வேண்டியது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இது 2022-ல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயானது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயால் பாதிக்கப்பட்டு குணமானவர்கள் என்றால் 40 சதவிகிதத்திலிருந்தே தகுதி. மற்ற உடல் பாதிப்புகளுக்குக் கடும் பாதிப்பாக, அதாவது 75 சதவிகிதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். பார்க்கின்சன், தண்டுவட மரப்பு போன்ற நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளும் இதில் வருகின்றன. பெரியவர்கள் மட்டுமல்ல, குழந்தைகளும் பெறலாம்.

ஒருவர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குப் போன மாதம் 18 முடிந்தது. “அதான் பதினெட்டு ஆயிடுச்சேக்கா, தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுங்க” என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். சொல்பவரின் மனது நல்லதுதான். ஆனால் அந்தப் பையனுக்கு 80 சதவிகிதப் பாதிப்பு என்றால் அவன் போக வேண்டிய வாசல் அதுவல்ல. 1,500 வாங்கத் தொடங்கிய பிறகு மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் முதல் கேள்வியே, “ஏற்கெனவே வருவாய்த் துறையில பணம் வாங்குறீங்களாம்மா?” என்பதாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே வாங்குகிறவர்கள் மாறிக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. புதிய தொகைக்கு அனுமதி எப்போது வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பழையதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. நடுவில் சில மாதங்கள் இரண்டும் இல்லாமல் போனால் தாங்குகிற நிலையில் எல்லா வீடும் இருக்காது.

உதவியாளருக்கு ஆயிரம்

மாதம் 500 ரூபாய் வித்தியாசத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று தோன்றலாம். வித்தியாசம் 500 ரூபாயோடு நின்றுவிடுவதில்லை. அன்றாட வேலைகளுக்கு முழுக்க முழுக்க இன்னொருவரைச் சார்ந்திருக்கும், அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கு, பராமரிப்பு உதவித்தொகைக்கு மேல் உதவியாளருக்கென்று மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு கொண்டுவந்திருக்கிறது. உரிமைகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவும் அதிக உதவி தேவைப்படுபவர் அதற்காக விண்ணப்பிக்கலாம் என்கிறது. இது தானாக வந்து சேராது. கேட்டு, மதிப்பீட்டுக்குப் போய், வாங்க வேண்டும். தகுதி இருந்து கிடைத்துவிட்டால் மாதம் 3,000. வெறும் 1,500-ஓடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 18,000 ரூபாய் வித்தியாசம்.

ஆயிரம் ரூபாயில் முழுநேர ஆள் கிடைக்க மாட்டார்தான். ஆனால் அந்தத் தொகைக்குப் பின்னால் ஓர் ஒப்புதல் இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை, அதற்கும் விலை உண்டு என்று அரசின் காகிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கேரளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் கடும் பாதிப்புள்ளவர்களையும் கவனிப்பவர்களுக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் இப்படி ஒரு மாத உதவி ஏற்கெனவே உண்டு.

கலைஞர் மகளிர் உரிமைத்தொகையை மறந்துவிடக் கூடாது. 2023 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதே காஞ்சிபுரத்தில்தான். மகன் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறான் என்பதற்காக அம்மாவுக்கு உரிமைத்தொகை கிடையாது என்று பல வீடுகளில் விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டார்கள். அது தவறான எண்ணம். வருமான வரம்பு உள்ளிட்ட மற்ற நிபந்தனைகளுக்குள் வந்தால், கடும் பாதிப்புள்ளவருக்கு வரும் பராமரிப்பு உதவித்தொகை அம்மாவின் மாதம் 1,000 ரூபாய்க்குத் தடையில்லை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் தரும் திட்டமும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் இருக்கிறது.

வீட்டுக்கே வருபவர்கள்

பணம் ஒரு பக்கம். கை கொடுக்க ஆள் வருவது இன்னொரு பக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்றதும் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸ் வந்து புண்ணைக் கவனிப்பதும் உண்டு. கேட்க வேண்டிய இடம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். ‘104’ என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

பள்ளி வயதுப் பிள்ளை என்றால் இன்னொரு வாசல் இருக்கிறது. பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவார்கள். வட்டார வள மையத்தில் பதிவு செய்ய வேண்டும். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்பது 40 சதவிகிதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகளின் உரிமை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. வளர்ச்சியில் சின்னச் சந்தேகம் வந்தாலும் “வயசானா சரியாயிடும்” என்று காத்திருக்காமல் அழைத்துப் போவது பல வருடச் சுமையைக் குறைக்கும்.

உலக வங்கி 2022-ல் 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த ‘தமிழ்நாடு உரிமைகள் திட்டம்’ நடந்து வருகிறது. அதன் கீழ் திறக்கப்படும் ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையங்களில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்றவற்றை ஒரே கூரையின் கீழ் கொடுப்பது நோக்கம். பக்கத்தில் மையம் எங்கே என்று மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். கொஞ்சம் தூரம் போக முடிந்தவர்களுக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்புள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது.

இந்த வீட்டுச் சேவைகளுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மாதத்துக்கு எத்தனை முறை வருவார்கள்? வராத நாட்களில் செய்ய வேண்டிய பயிற்சியை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தருவார்களா? வருபவர் மாறினால் பிள்ளையின் விவரம் எழுத்தில் இருக்குமா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். புது ஆள் வரும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்லிக் களைத்துப்போன அம்மாக்களுக்கு அதன் அருமை தெரியும்.

அமெரிக்காவில் ஒரு சிறுமி

வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அரசு பணம் தர வேண்டுமா என்ற கேள்வி எல்லா நாட்டிலும் எழுந்ததுதான். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டத்தின் பெயர் மெடிக்கெய்ட். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற குழந்தைக்கு மூளைக் காய்ச்சல் வந்து, மூச்சுக்கே கருவியின் உதவி தேவைப்பட்டது. மருத்துவமனையிலேயே இருந்தால் மெடிக்கெய்ட் பணம் கட்டும். வீட்டுக்கு அழைத்துப் போனால் செலவு குறையும், ஆனால் பணம் வராது. வீட்டுக்கு வந்தால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதுதான் காரணம்.

1981 நவம்பரில் அன்றைய அதிபர் ரொனால்ட் ரீகன் இந்த விதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். விதி தளர்த்தப்பட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்குள் குழந்தை வீடு திரும்பியது. இன்று அங்கே பல மாநிலங்களில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கே சம்பளம் கொடுக்கும் திட்டங்கள்கூட உண்டு. கேட்டி படித்து, வளர்ந்து, மாற்றுத்திறனாளிகளுக்காகக் குரல் கொடுத்து, 2012-ல் 34 வயதில் காலமானார். பத்து வயதைத் தாண்டுவாளா என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்ட குழந்தை அவர்.

பதினெட்டுக்குப் பிறகும், நமக்குப் பிறகும்

18 வயது ஆனதும் ஒரு விஷயம் சத்தமில்லாமல் மாறுகிறது. சட்டப்படி பிள்ளை மேஜர். வங்கிக் கணக்கிலோ சொத்திலோ பெற்றோர் தானாகக் கையெழுத்துப் போட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைப் பாதிப்பு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி சொல்கிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்கலாம். வங்கிகள் அதை ஏற்க வேண்டும்.

அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு, இந்த நான்கு பாதிப்புகளுக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. மருத்துவமனையில் படுக்காமலே செய்யும் தெரபிக்கும் இதில் இடம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பெரிய அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை தனியாக இருக்கிறது. குடும்பத்தில் அரசு ஊழியரோ ஓய்வூதியரோ இருந்தால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனோ மகளோ வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெறும் வழி இருக்கிறது. பிள்ளையின் பெயரைப் பணிப் பதிவேட்டில் முன்கூட்டியே சேர்த்து வைப்பது நல்லது.

“நாங்க போன பிறகு இவன் யார்கிட்ட இருப்பான்?” என்ற கேள்விக்கு எந்தத் திட்டமும் முழுப் பதில் இல்லை. ஆனால் பாதுகாவலர் யார், பணம் எந்தக் கணக்கில், காகிதங்கள் எங்கே என்று எழுதி வைத்த வீட்டில், அண்ணனோ சித்தியோ பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தயங்குவது குறைவு. எதுவும் தெரியாத சுமையைத்தான் யாரும் தூக்கப் பயப்படுகிறார்கள்.

எந்த வரிசையில் போவது?

முதலில் ஒரு நாள் கணக்கு. அடுத்து சான்றிதழைச் சரிபார்ப்பது, தேவைப்பட்டால் மறுமதிப்பீடு. மூன்றாவது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கும் உதவியாளர் தொகைக்கும் தகுதி உண்டா என்று விசாரிப்பது. இல்லை என்றால் மட்டும் தாலுகா அலுவலகத்தின் ஓய்வூதியம். நான்காவது, வீட்டுக்கு வரும் சிகிச்சைக்கு ஆரம்ப சுகாதார நிலையம். ஐந்தாவது, நிராமயாவும் பாதுகாவலர் சான்றும்.

கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் நகலும் ஒப்புகைச் சீட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். அதற்கும் மேலே, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. எந்த மாவட்டத்து முகவரி ஆதாரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

இந்த அலைச்சலையும் அம்மா ஒருவர் தலையிலேயே போட்டுவிடக் கூடாது. ஒரு திங்கட்கிழமை அப்பா மனு எடுத்துக்கொண்டு போகலாம். கல்லூரியில் படிக்கும் தங்கை செல்போனில் விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கலாம். அரசின் தொகை வந்து சேரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்கக்கூடிய வீட்டுப் பராமரிப்புத் திட்டம் அது. அதற்குச் சான்றிதழும் தேவையில்லை.